ஹார்லன் எங்களை ஏமாற்றவில்லை

எங்களை ஏமாற்றியது அந்த வெள்ளைக்காரர் அல்ல. நான்!

முதலிலேயே சொல்லிவிட்டேன். இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு இத்தனை ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. அதுவும் உங்களிடம்தான் சொல்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் இன்னும் சொல்லவில்லை. கடைசியில் இவன் மனம் திருந்தி அவள் காலில் விழுந்திருப்பான் என்று எதிர்பார்த்து நீங்கள் மேலே படிக்க வேண்டாம். விழவில்லை.

எழுபதுகளின் நடுவில் நான் துபாயில் ஒரு பிரிட்டிஷ் கட்டுமானக் கம்பெனியில் தலைமை டிராஃப்ட்ஸ்மேன். கட்டடங்களுக்குப் படம் வரைகிற வேலை. என் கீழே நான்கு பேர். திருச்சியில் டிப்ளமா முடித்தவனுக்கு அது பெரிய நாற்காலி! ஊருக்குள் சத்வா பகுதியில் வாடகை வீடு. மனைவி சாரதா, ஐந்து வயது மகள் உமா.

சாரதா ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவள். கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பெண்கள் பள்ளியில் பாடம் நடத்தியவள். எனக்காக அந்த வேலையை உதறிவிட்டுக் கப்பலேறி வந்தாள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நான் வைத்துக்கொள்ளவில்லை.

என் மேலதிகாரி மிஸ்டர் ஹார்லன். ஒப்பந்தம் முடிந்து இங்கிலாந்துக்கு, லீட்ஸ் நகரத்துத் தலைமை அலுவலகத்துக்குத் திரும்ப இருந்தார். போவதற்குச் சில மாதங்கள் முன்பு என்னைக் கூப்பிட்டு, அங்கே வரைபடப் பிரிவில் ஆள் தேவைப்படுகிறது, உன்னை எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன், வேலை பெர்மிட்டுக்கும் கம்பெனியே ஏற்பாடு செய்யும் என்றார். எளிதில் வாக்குக் கொடுக்கிற மனிதர் அல்ல அவர். கொடுத்தால் மாறுகிறவரும் அல்ல.

வீட்டில் சொன்னேன். சாரதா அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, இன்னொரு தடவை முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். ஊருக்குக் கடிதம் போயிற்று. எங்கள் பக்கத்தில் இங்கிலாந்து முழுவதுமே லண்டன்தான். ஒரே மாதத்தில் நாங்கள் 'லண்டன்காரர்கள்' ஆகிவிட்டோம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்ததை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும்... அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

வியாழக்கிழமை பிற்பகல்களில் ஜுமேராவில் இருந்த ஹார்லன் வீட்டுக்குப் போவோம். மிஸஸ் ஹார்லன் எங்களுக்குப் பாடம் நடத்துவார். முட்கரண்டி இடது கையில், கத்தி வலது கையில். சொல்லாமல் கொள்ளாமல் ஒருவர் வீட்டுக்குப் போகக்கூடாது. பஸ்ஸுக்கு வரிசை, ரொட்டிக் கடையிலும் வரிசை. எதற்கெடுத்தாலும் 'ஸாரி', காலை மிதித்தவனும் சொல்ல வேண்டும், மிதிபட்டவனும் சொல்ல வேண்டும். வீட்டைச் சூடாக்கும் கேஸுக்கு அதன் மீட்டருக்குள் காசு போட வேண்டும் என்று படம் வரைந்து காட்டினார். பட்டாணி முட்கரண்டியில் நிற்காமல் உருண்டு ஓட, உமா அதை மேஜைக்கு அடியில் போய்ப் பொறுக்கித் தின்பாள்.

சாரதா அத்தனையையும் ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள். ஜூன் மாதத்துச் சத்வாவில், வெளியே வெயில் கொளுத்தும்போது, ஜன்னல் ஏஸியை உச்சத்தில் வைத்துக் குழந்தைக்குக் கம்பளிச் சட்டை போட்டுப் பார்த்தாள். குளிர் பழக வேண்டுமாம்! கம்பளி பின்ன அவளுக்குக் கற்றுக்கொடுத்தவரும் மிஸஸ் ஹார்லன்தான். இரண்டு பெண்களும் தலையோடு தலை சேர்த்து ஊசியும் நூலுமாய் உட்கார்ந்து ஆங்கிலத்தில் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். துபாய்க்கு வந்த பிறகு சாரதா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

நான் ஹாலின் மறுமூலையில் அமர்ந்திருப்பேன். அவர்கள் பேசுவதில் பாதி எனக்குப் புரியாது.

இப்போது உண்மையைச் சொல்ல வேண்டும். எல்லாம் அங்கேதான் தொடங்கியது. அந்த ஹாலில் உட்கார்ந்துகொண்டு நான் லீட்ஸைப் பார்த்துவிட்டேன்... அங்கே பால்காரனிடம் பேசுகிறவள் இவள். பள்ளிக்கூடத்தில் பேசுகிறவள் இவள். டாக்டரிடம், பக்கத்து வீட்டில், பாங்கில், எல்லா இடத்திலும் இவள் முன்னால் போவாள். நான் பின்னால், பையைத் தூக்கிக்கொண்டு... இவள் அங்கே நன்றாக வாழ்ந்துவிடுவாள். நான் வாழ மாட்டேன். அந்த எண்ணம் எனக்குத் தாங்கவில்லை.

இதற்குப் பெயர் என்ன? பயமா? பொறாமையா? கட்டிய மனைவி மேல் ஒருவனுக்குப் பொறாமை வருமா? வந்தது!

ஹார்லன் குடும்பம் ஊருக்குக் கிளம்பியது. மிஸஸ் ஹார்லன் விமான நிலையத்தில் சாரதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார். சீக்கிரம் வந்துவிடு, உனக்கு முதல் டீ என் வீட்டில்தான் என்றார்.

ஆறாவது வாரம் லீட்ஸிலிருந்து கடிதம் வந்தது. துபாயில் வீடு தேடித் தபால்காரர் வருவதில்லை. எல்லாருக்கும் கம்பெனியின் தபால் பெட்டி எண்தான் முகவரி. ஊரிலிருந்து வருவதானாலும் சரி, லீட்ஸிலிருந்து வருவதானாலும் சரி, என் வீட்டுக்கு வருகிற ஒவ்வொரு காகிதமும் முதலில் அலுவலகத்தில் என் மேஜைக்குத்தான் வரும். சாரதா எழுதுகிற கடிதங்களும் என் கையால்தான் தபாலுக்குப் போக வேண்டும். யோசித்துப் பாருங்கள். உலகத்துக்கும் அவளுக்கும் நடுவில் இருந்த ஒரே கதவு நான்தான்.

வேலை உறுதி. இணைத்துள்ள படிவத்தில் கையெழுத்திட்டு, சான்றிதழ் நகல்களோடு ஒரு மாதத்துக்குள் அனுப்பவும் என்று இருந்தது. பதவி, சாதாரண டிராஃப்ட்ஸ்மேன். முதல் இரண்டு வருடம் ஒருவரின் மேற்பார்வையில். என் கீழே யாரும் இல்லை.

மேஜை இழுப்பறையில் டிரேசிங் பேப்பர்களுக்கு அடியில் வைத்தேன். நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் வைத்தேன். சத்தியமாக! மறுநாளும் அப்படித்தான் நினைத்தேன். கெடு முடிந்த அன்று மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபோது எனக்கு நல்ல பசி இருந்தது. அதை நினைத்தால்தான் இன்று என்மீது எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

வீட்டில் "வந்துருச்சா?" என்பாள். "இன்னும் இல்ல" என்பேன். அவ்வளவுதான். பொய் சொல்வது இத்தனை சுலபமா!

ஹார்லன் மறுபடி எழுதினார். மனம் மாறியிருந்தால் தவறில்லை, ஒரு வரி தெரிவித்தால் போதும் என்று கேட்டிருந்தார். பதில் போடவில்லை. மிஸஸ் ஹார்லன் சாரதாவுக்கு மூன்று கடிதங்கள் எழுதினார். அவளுடைய பெயரை அழகாக, ஓர் எழுத்து பிசகாமல் எழுதியிருந்தார். மூன்றையும் இழுப்பறையில் வைத்தேன். சாரதா அவருக்கு எழுதிய ஐந்து கடிதங்களையும் அதே இடத்தில் வைத்தேன். அவர்கள் இருவரும் ஒருவருக்கொருவர் எழுதிய எட்டுக் கடிதங்கள் என் மேஜைக்குள் ஒன்றாகக் கிடந்தன. எழுதிய இருவருமே மற்றவர் தன்னை மறந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குள் சாரதா வீட்டைக் காலி செய்ய ஆரம்பித்திருந்தாள். ஊரிலிருந்து கப்பலில் கொண்டுவந்த ஆட்டுக்கல்லை ஒரு கீழக்கரைக் குடும்பத்துக்குக் கொடுத்தாள். இங்கிலாந்தில் வீடுகளுக்கு நடுவில் ஒரே சுவர், மாவாட்டினால் பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத் தொந்தரவு என்று மிஸஸ் ஹார்லன் சொல்லியிருந்தாராம். அதைத் தூக்கிப்போய் டாக்ஸியில் ஏற்றியது யார் தெரியுமா? நான்! எல்லாம் தெரிந்த நான், மூச்சு வாங்க, அதைத் தூக்கி ஏற்றினேன். இடுப்பு பிடித்துக்கொண்டு இரண்டு நாள் படுத்தேன். அவள் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஆட்டுக்கல் போகட்டும். இன்னொன்று இருக்கிறது...

ஒருநாள் மாலை இந்தியப் பள்ளியின் தலைமையாசிரியை எங்கள் வீட்டுக்கே வந்தார். நாகர்கோவில்காரர். ஆங்கில ஆசிரியை ஒருவர் திடீரென்று ஊருக்குப் போய்விட்டாராம். சாரதாவைப் பற்றி யாரோ சொல்லியிருக்கிறார்கள். நாளைக்கே வந்து சேர முடியுமா என்று கேட்டார். வகுப்பு, பாடம், பிள்ளைகள் என்று அவர் பேசப் பேசச் சாரதாவின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க என்ன சொல்றீங்க?"

எனக்கு ஒரு வாசல் திறந்தது. போ என்று சொல்லியிருக்கலாம். லண்டன் விஷயம் இழுக்கும்போல இருக்கிறது, நீ வேலையில் சேர்ந்துவிடு என்று இன்னொரு பொய்யாவது சொல்லியிருக்கலாம்! அவளுக்கு நன்மை செய்கிற பொய். அதைக்கூட நான் சொல்லவில்லை. வேலையில் சேரச் சொன்னால் ஏன் என்று கேட்பாள், கேள்வி எங்கே போய் நிற்குமோ என்று நடுங்கினேன்.

"உன் இஷ்டம்" என்றேன்.

அவள் அந்த அம்மையாரிடம் திரும்பிச் சொன்னாள்: "இன்னும் ரெண்டு மாசத்துல நாங்க கிளம்பிருவோம் மேடம். பாதியில பிள்ளைங்கள விட்டுட்டுப் போறது சரியா இருக்காது."

பாருங்கள், அவள் யாருக்கும் பாதியில் துரோகம் செய்ய விரும்பாதவள். அவளைப்போய்...

குளிர்காலமும் வந்தது. உமா தமிழை விட்டு வெகுதூரம் போயிருந்தாள். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேச வேண்டும் என்பது சாரதா போட்ட சட்டம். பனி எப்போது பார்க்கலாம் என்று உமா தினம் கேட்டாள். இனியும் இழுக்க முடியாது என்ற நிலையில் ஒரு வெள்ளிக்கிழமை காலை சாரதாவிடம் சொன்னேன்: "ஹார்லன் கைவிரிச்சுட்டான்."

வேறு யாரையாவது சொல்லியிருக்கலாம். இங்கிலாந்தின் விசா சட்டத்தைச் சொல்லியிருக்கலாம். எனக்கு உதவி செய்த ஒரே மனிதனின் தலையில் பழியைப் போட்டேன். ஏன்? அப்போதுதான் அவள் அவர்களுக்கு எழுதுவதை அடியோடு நிறுத்துவாள்! அத்தனை கணக்காக யோசித்தேன் நான்.

அவள் அழவில்லை. "அந்த அம்மாவுமா?" என்று மட்டும் கேட்டாள். நான் தலையை ஆட்டினேன். நோட்டைக் கிழித்துப் போட்டாள். பின்னி முடிக்காத கம்பளியைப் பிரித்து நூலைச் சுற்றி வைத்தாள். மறுவாரம் பள்ளிக்குப் போய் விசாரித்தாள். அந்த இடத்துக்கு ஆள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அவள் எந்தப் பள்ளியிலும் பாடம் நடத்தவில்லை. நம்ப வைத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள் என்று ஊருக்கு எழுதினாள். அந்தக் கடிதத்தை மட்டும் ஒழுங்காகத் தபாலில் சேர்த்தேன்.

இரண்டு வருடம் கழித்து, தேராவில் மசாலாக் கடைகள் இருக்கும் சந்தில், "சாரதா" என்று ஒரு குரல். திரும்பினால் மிஸஸ் ஹார்லன்! வேறொரு வேலையாக வந்த கணவரோடு சில நாட்கள் துபாய்க்கு வந்திருக்கிறார். இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு வந்தார். சாரதா ஓர் அடி பின்வாங்கினாள்.

அவர் முகம் மாறியது. நான் எத்தனை கடிதங்கள் எழுதினேன், உனக்குக் கிடைக்கவில்லையா என்று கேட்டார். சாரதா ஆங்கிலத்தில், மிகவும் தெளிவாக, மெதுவான குரலில் சொன்னாள்: தயவுசெய்து என்னிடம் பொய் சொல்லாதீர்கள்.

மிஸஸ் ஹார்லன் அவளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று எனக்குத் தெரியாது. தலையைக் குனிந்துகொண்டேன். அந்தக் கணத்தில் அவருக்கு எல்லாமே விளங்கிவிட்டது. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்தச் சந்திலேயே முடிந்திருப்பேன்... சொல்லவில்லை. "ஸாரி" என்றார் சாரதாவிடம். செய்யாத குற்றத்துக்கு! பிறகு திரும்பி நடந்துபோய்விட்டார்.

யாரைக் காப்பாற்ற அவர் வாயை மூடிக்கொண்டார்? என்னையா? நிச்சயமாக இல்லை. ஒரு பெண்ணின் வீடு உடையக்கூடாது என்று நினைத்திருப்பார். அவர் அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த வீட்டில்தான் நான் இன்றுவரை சாப்பிடுகிறேன், தூங்குகிறேன்.

வீடு திரும்ப, கடல் கழியைக் கடக்கும் அப்ரா படகில் ஏறினோம். படகில் கூட்டம், நெருக்கியடித்து உட்கார்ந்தோம். பாதித் தூரம் வந்த பிறகுதான் சாரதாவின் உடம்பு நடுங்குவதை உணர்ந்தேன். இரண்டு வருடமாக வராத அழுகை அப்போது வந்தது.

"கூசாம எப்படிப் பொய் சொல்றாங்க, பாத்தீங்களா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, அத்தனை பேர் நடுவில், ஒருநாளும் செய்யாததைச் செய்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போகட்டும் விடுங்க. நம்பறதுக்கு எனக்கு நீங்க ஒருத்தர் இருக்கீங்க. அது போதும்."

நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.