ஓரங்குல மழை

மார்கழி பிறந்தும் மழையைக் காணவில்லை. நெல் குடலையில் நின்றது. கதிர் வெளியே வரத் தண்ணீர் வேண்டும். அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் இருப்பார், உடனே எழும்புவார், வாசலுக்குப் போய் வானத்தைப் பார்ப்பார், திரும்பி வந்து இருப்பார். அவரைப் பார்த்துப் பார்த்து எனக்கும் ஓரிடத்தில் இருக்க ஏலாமல் போய்விட்டது. மாலையில் றேடியோ, கிழக்கில் சில இடங்களில் மழை பெய்யக்கூடும் என்று சொல்லும். "அந்தச் சில இடம் எங்க கிடக்கெண்டு மட்டும் சொல்லமாட்டாங்கள்," என்று அப்பா அதை நிற்பாட்டிவிடுவார்.

எங்கள் ஊர் மழையை அளப்பவர் மாமா, அம்மாவின் தமையன், பள்ளிக்கூடத்து வாத்தியார். பள்ளி முற்றத்தில் மழைமானி ஒன்று நட்டிருந்தது. தினமும் காலையில் அதைப் பார்த்துக் கொப்பியில் எழுதி, சந்தித் தபாற்கந்தோரில் சொல்லுவார். அங்கிருந்து ரெலிபோனில் கந்தளாய்க் குளத்துக் கந்தோருக்குப் போகும். குளத்திலிருந்து எங்கள் வாய்க்காலுக்கு எவ்வளவு தண்ணீர் விடுவதென்று அதை வைத்துத்தான் முடிவு செய்வார்களாம். இதெல்லாம் எட்டு வயதில் எனக்கெங்கே தெரியும்? எனக்குத் தெரிந்ததெல்லாம், கொப்பியில் நாளுக்கொரு பூச்சியம் வரிசையாக நின்றது என்பதுதான். என் கணக்குக் கொப்பியில் ஒரு பூச்சியம் விழுந்தாலே அம்மா பூவரசங்கம்பு முறிப்பார். ஊருக்கே பூச்சியம் என்றால் வெட்கமில்லையா?

மாமா காய்ச்சலில் படுத்தபோது அளக்கிற வேலை என்னிடம் வந்தது. முதல்நாளே ஒரு தகரப் பேணித் தண்ணீரை மழைமானிக்குள் ஊற்றி, அளந்து, 'ஒரு அங்குலம்' என்று என் வடிவான எழுத்தில் எழுதினேன். மறுநாள் அரை அங்குலம். எப்போதும் முழுப்புள்ளி எடுத்தால் சந்தேகப்படுவார்கள் அல்லவா?

தபாற்கந்தோர் ஐயா கண்ணாடிக்கு மேலால் பார்த்தார். "உங்கட பக்கம் பெய்யுது போல. குடுத்துவைச்ச ஆக்கள்."

ஓம் என்றேன்.

நாலாம் நாள் வாய்க்கால் வற்றியது. அப்பாவும் ஊராரும் கந்தளாய்க்கு ஓடினார்கள். மழை பெய்த ஊருக்குத் தண்ணீர் எதற்கு என்று அங்கே கேட்டார்களாம். கொப்பியைப் பார்க்க மறுநாள் ஒரு பெரிய ஐயா வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள்.

மாமா போர்வையோடு எழும்பி என்னைக் கூப்பிட்டார். "பிள்ளை, உண்மையா மழை பெஞ்சதோ?"

"இல்லை மாமா. நான்தான் ஊத்தினனான். எங்கட ஊருக்கு மட்டும் பூச்சியம்தானே."

அவர் ஏசவில்லை. நான் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, அதே அங்குலங்களை அடுத்த பக்கத்தில் தன் கையால் எழுதினார். காய்ச்சலில் கை நடுங்கி எழுத்துக் கோணலாக வந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதைவிட என் எழுத்து எவ்வளவு வடிவு.

"காய்ச்சல் மயக்கத்தில பிழையா எழுதிப்போட்டன் ஐயா," என்றார் மாமா மறுநாள், ஊரெல்லாம் கேட்க. அன்று பின்னேரமே தண்ணீர் விட்டார்கள். ஆனால் வாய்க்காலின் கடைசியிலிருந்த எங்கள் வயலுக்கு அது வந்து சேர்வதற்குள் பாதிக் கதிர் பதராகிவிட்டது. அப்பா மாமாவோடு கதைப்பதை விட்டார். அம்மா இரண்டு பேருக்கும் நடுவில் கிடந்து அல்லாடினார்.

பள்ளிப் பிள்ளைகள் மாமாவுக்கு 'ஓரங்குலம்' என்று பெயர் வைத்தார்கள். அவர் சைக்கிளில் போகும்போது வேலிக்குப் பின்னால் நின்று கத்துவோம். அவர் ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை. எல்லாரையும்விடப் பலமாகக் கத்தியது நான்தான். என் வடிவான எழுத்தைக் கிழித்துப்போட்ட மனிதருக்கு நல்லாய் வேணும் என்றிருந்தது எனக்கு.