ஹம்ப் வந்தால் இறங்கணும்

மாமா இருந்தார். ரேடியேட்டர் கடை பாய் இருந்தார். என் வீட்டுக்காரர் இருந்தார். ஒரு டிராஃபிக் போலீஸ்காரரும் இருந்தார், அவர் பாதி வழியில் வந்து சேர்ந்தவர். வண்டிக்குள் அக்கா, முன் சீட்டைச் சாய்த்துப் படுத்த மாதிரி. ஸ்டீரிங் முன்னால் நான். அதுவரை நான் ஸ்கூட்டி கூட ஓட்டினது இல்லை. மல்லேஸ்வரத்தில் ஒரு ஸ்கூல் வாசல். அதற்கு முன்னால் ஒரு ஹம்ப். ரோட்டில் குறுக்கே போடுகிற மேட்டுக்கு எங்கள் பெங்களூரில் அதுதான் பேர். வண்டி கெட்டுப் போகவில்லை. இன்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் ஆம்பிளைகள் பின்னால் நின்று தள்ளினார்கள்.

ஏன் தள்ளினார்கள் என்று சொல்ல முதலில் வண்டியைச் சொல்லணும். மாமா என் அக்கா வீட்டுக்காரர். சிவாஜிநகரில் சைலன்சர் வெல்டிங் கடை வைத்திருந்தார். அந்த வண்டி ஜப்பானில் செய்து முழுசாகக் கப்பலில் வந்தது. வெள்ளை நிறம், நாலு கதவு, பார்த்தால் ஏதோ ஆபீசர் வண்டி மாதிரி அடக்கமாக இருக்கும். உள்ளே இருந்தது பந்தய இன்ஜின். யாரோ பணக்கார வீட்டுப் பையன் அதை மரத்தில் விட்டு மூக்கை உடைத்து, வேண்டாம் என்று போட்டுவிட்டான். மாமா அதை லாரியில் ஏற்றிக் கொண்டுவந்தார். அக்கா வாசலில் நின்று பார்த்தாள். "கல்யாணத்துக்கு எனக்கு இவ்ளோ பெரிய வண்டி அனுப்பலையே" என்றாள். அவ்வளவுதான் பேசினாள். எங்கள் பக்கம் பழைய சாமான் மார்க்கெட்டுக்கு குஜிரி என்பார்கள். கிடைத்ததை மாமா அங்கே பொறுக்கினார். கிடைக்காததை துபாயில் கேட்டார், ஜப்பானில் கேட்டார். பாயின் மச்சினன் ஒருமுறை துபாயிலிருந்து, இன்ஜினுக்கு வேகம் கூட்டுகிற டர்போவைப் போர்வைக்குள் சுருட்டி எடுத்து வந்தார். ஏர்போர்ட்டில் இது என்ன என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்கே தெரியாது.

வண்டி ஓட ஆரம்பித்த பிறகும் மாமா விடவில்லை. ஒரிஜினல் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு குட்டை ஸ்பிரிங் போட்டார். வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்தது. கிளட்சையும் மாற்றினார். அது பந்தயத்துக்குப் போடுகிற கிளட்ச். பிடித்தால் ஒரேயடியாகப் பிடிக்கும், இல்லாவிட்டால் விட்டுவிடும். நடுவில் ஒன்றும் கிடையாது. தன் சீட்டையும் மாற்றினார், இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற தொட்டி மாதிரி ஒன்று. பக்கத்து சீட்டையும் மாற்றப் போனபோது அக்கா தடுத்துவிட்டாள். "என் சீட்டைத் தொட்டா ராத்திரி சோறு இல்ல." அதனால் அந்த ஒரு சீட் மட்டும் ஜப்பானில் தைத்தபடியே இருந்தது. அக்கா வண்டிக்கு வைத்த பேர் ஜப்பான்காரி. வீட்டில் சாதா அரிசி வாங்கிவிட்டு வண்டிக்கு மட்டும் உசத்தி பெட்ரோல் போடுவார் மாமா. "ஜப்பான்காரிக்கு பால் ஊத்தியாச்சா?" என்று கேட்பாள்.

குட்டை ஸ்பிரிங் போட்ட நாளிலிருந்து வந்தது இறங்குகிற வழக்கம். வண்டியில் மாமா மட்டும் இருந்தால் ஹம்பைக் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கிவிடுவார். இன்னும் ரெண்டு பேர் இருந்தால் அடி வயிறு உரசும். அதனால் ஹம்ப் வந்தால் எல்லோரும் இறங்கணும். மாமா வண்டியை நிறுத்தி, பஸ் கண்டக்டர் மாதிரி கன்னடத்தில் கத்துவார்: "இளீரி, இளீரி!" இறங்குங்கள், இறங்குங்கள் என்று அர்த்தம். நாங்கள் இறங்கி நடப்போம். அந்தப் பக்கம் போய் மறுபடி ஏறுவோம். கல்யாணத்துக்குப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறோம். கையில் சாம்பார் தூக்கோடு இறங்கியிருக்கிறோம். ரோட்டில் போகிறவர்கள் சிரிப்பார்கள். அக்கா ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்துகொண்டே ஏதாவது சொல்லுவாள். "டிக்கெட் எடுத்தவளை நடுவழியில இறக்கி விடுற பஸ் இது ஒண்ணுதான்." மாமா முகத்தைத் திருப்பாமலே "சில்லறை இல்லம்மா, நடந்து வா" என்பார். நான் அப்போது ஒல்லி. என்னைக் குச்சி என்றுதான் கூப்பிடுவார். "குச்சி மட்டும் இறங்க வேணாம், காத்துல பறந்துடுவா" என்று ஒருநாள் சொன்னார். அன்றைக்கும் இறங்கினேன்.

அவருக்கு அந்த வண்டி என்ன என்று எனக்குப் புரிந்ததில்லை. வேகமாகப் போகிற ஆளும் இல்லை. இந்த ஊர் ட்ராஃபிக்கில் எங்கே போவது? ஞாயிறு காலையில் இதே மாதிரி வண்டி வைத்திருக்கிற நாலைந்து பேர் ஏர்போர்ட் ரோட்டில் கூடுவார்கள். காபி குடிப்பார்கள், பானட்டைத் திறந்து வைத்துப் பேசுவார்கள். மற்றவர்கள் கம்ப்யூட்டர் வேலைக்காரர்கள். மாமா ஒருத்தர்தான் கையில் கரி உள்ளவர். வண்டி எவ்வளவு தாழ்ந்து நிற்கிறது என்பதற்கு அவர்கள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் விரல் வைத்துப் பார்ப்பார்கள். மாமா வண்டியில் ஒரு விரல்தான் நுழையும். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகம் சின்னப் பையன் முகம் மாதிரி ஆகும். வேறு எதற்கும் அந்த முகத்தை நான் பார்த்ததில்லை.

பிறகு அக்கா மாடிப்படியில் விழுந்தாள். முதுகெலும்பில் அடி. ஆம்புலன்சில் கொண்டு போனோம். அந்த டிரைவர் பாவம், சீக்கிரம் போகணும் என்று நினைத்தான். ஒரு ஹம்புக்கும் நிறுத்தவில்லை. மாமா தன் வண்டியில் பின்னாலேயே வந்தார். ஆம்புலன்சின் பின்கண்ணாடி வழியாக ஒவ்வொரு ஹம்பிலும் அக்காவின் பாதம் எழும்பி விழுந்ததைப் பார்த்திருக்கிறார். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கி என்னிடம் அதை மட்டும் சொன்னார். "கால் ரெண்டும் எழும்புச்சு குச்சி." முதுகில் ஸ்குரு வைத்துத் தைத்தார்கள். ஒரு காலையில் டாக்டர் வந்து இன்றைக்கே கூட்டிப் போகலாம் என்றார். குலுங்கக் கூடாது என்றார். குலுங்கி ஸ்குரு நகர்ந்தால் மறுபடி திறக்கணும், இரண்டாம் தடவை நடப்பாளா என்று தன்னால் சொல்ல முடியாது என்றார்.

ஆம்புலன்ஸ் சொல்லட்டுமா என்று என் வீட்டுக்காரர் கேட்டார். மாமா தலையாட்டினார், வேண்டாம் என்று. "எவனோ ஓட்டுறதுல அவளைப் படுக்க வைக்க மாட்டேன்." நான் சொன்னேன், மாமா, உங்க வண்டி இன்னும் மோசம், கல்லு மாதிரி இருக்கும் என்று. தெரியும் என்றார். ஸ்பிரிங் மாற்ற நேரம் இல்லை. பாய்க்குப் போன் போட்டார். நர்ஸ் பிள்ளைகள் அக்காவைப் பிடித்து அந்த ஜப்பான் சீட்டில் சாய்த்தார்கள். அது ஒன்றுதான் பின்னால் சாயும்.

மெதுவாகத்தான் போனோம். மாமா ஓட்டினார், நாங்கள் மூணு பேர் பின்னால். முதல் ஹம்ப் வந்தது. மாமா நிறுத்தினார். பழக்கத்தில் வாய் திறந்து "இளீ" என்றார். பாதி வார்த்தை அப்படியே நின்றுவிட்டது. இறங்க முடியாத ஆள் முதல் தடவையாக அந்த வண்டியில் இருந்தாள். குறுக்காக ஏற்றினால் வண்டி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடும். நேராக ஏற்றணும், எறும்பு மாதிரி ஏற்றணும். அந்தக் கிளட்ச்சில் அது நடக்காது. விட்டால் குதிக்கும்.

மாமா கீழே இறங்கினார். "எல்லாரும் இறங்குங்க. குச்சி, நீ இங்க ஏறு."

அந்த சீட்டில் அவரைத் தவிர யாரும் உட்கார்ந்தது இல்லை. அக்கா கூட உட்கார்ந்தது இல்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் ஒருத்தர் ஆசைப்பட்டுக் கேட்டதற்கு, சீட்டு என் உடம்பு அளவுக்குத் தைத்தது என்று பொய் சொன்னவர். எனக்கு ஓட்டத் தெரியாதே மாமா என்றேன். "ஓட்ட வேணாம். கனம் இல்லாத ஆள்தான் வேணும். இது பிரேக்கு. நான் சொன்னா வை." ஏறினேன். என் இடுப்புக்கு அந்த சீட் தொளதொள என்று இருந்தது. மாமா கியரை எடுத்துவிட்டார். ஜன்னல் வழியாக ஒரு கை ஸ்டீரிங்கில், இன்னொரு கை கதவுச் சட்டத்தில். பாயும் என் வீட்டுக்காரரும் பின்னால். "தள்ளு." முன் சக்கரம் ஏறியது. இறங்கும்போது நான் பயந்து பிரேக்கை அமுக்கிவிட்டேன். வண்டி வெடுக்கென்று நின்றது. அக்கா முனகினாள். மாமா என்னைத் திட்டுவார் என்று பார்த்தேன். அவர் குனிந்து மெதுவாகச் சொன்னார். "முட்டை மேல கால் வைக்கிற மாதிரி வை, குச்சி." அதன் பிறகு அப்படியே வைத்தேன்.

ஹம்பைத் தாண்டினதும் மாமா ஏறி ஓட்டுவார். அடுத்த ஹம்பில் மறுபடி நான். பின்னால் வண்டிகள் ஹாரன் அடித்தன. நாலாவது ஹம்பில்தான் அந்த ஸ்கூல் வாசல், அந்தப் போலீஸ்காரர்.

"ஏன் சார், காடி கெட்டோய்த்தா?" வண்டி கெட்டுப் போச்சா என்று கேட்டார்.

"இல்ல சார், காடி சென்னாகிதே" என்றார் மாமா. நன்றாக இருக்கிறதாம்.

"மத்தே யாக்கே தள்ளுத்தீரா?" அப்புறம் எதற்குத் தள்ளுகிறீர்கள்?

போலீஸ்காரர் வண்டியைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். இவ்வளவு தாழ்த்தினது தப்பு என்று அவருக்குத் தெரியும். தெரியும் என்பது மாமாவுக்கும் தெரியும். பிறகு அவர் ஜன்னலில் அக்காவைப் பார்த்தார். அவள் கண்ணை மூடி, புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவர் தொப்பியைக் கழற்றி என் மடியில் போட்டார். பாய் பக்கத்தில் போய் நின்றார். அந்த ஹம்ப் கொஞ்சம் உயரம். தள்ளும்போது அடி வயிறு உரசியது. கரக் என்று பெரிய சத்தம். சின்னக் கீறலுக்கே மாமா சாயங்காலம் வரை வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார். அன்றைக்குக் குனிந்து கூடப் பார்க்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டிருந்தது அக்காவின் பாதத்தை. அது எழும்பவில்லை.

போலீஸ்காரர் தொப்பியை வாங்கிக்கொண்டு தமிழிலேயே சொன்னார். "இன்னொரு வாட்டி இவ்ளோ கீழ பார்த்தா எடுத்துட்டுப் போயிடுவேன்." சரி சார் என்றார் மாமா. அப்புறமும் ஹம்ப் ஹம்பாகத் தள்ளி வீடு வந்தோம். வாசலில் நிறுத்தினதும் அக்கா கண்ணைத் திறந்தாள். "டிக்கெட் எவ்ளோ?" என்றாள். பாய் சிரித்துவிட்டார். மாமா வண்டிக்கு அந்தப் பக்கம் போய் ரொம்ப நேரம் டயரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலை நான் இட்லி எடுத்துக்கொண்டு போனபோது வண்டி கொக்கு மாதிரி காலைத் தூக்கி நின்றது. கட்டிலுக்கு அடியில் கோணியில் எண்ணெய் தடவி வைத்திருந்த ஒரிஜினல் ஸ்பிரிங் வண்டிக்குப் போயிருந்தது. குட்டை ஸ்பிரிங் அதே கோணிக்குள். கிளட்சையும் பழையபடி மாற்றினார். அக்காவைப் பரிசோதனைக்கும் பயிற்சிக்கும் அவரே கூட்டிப் போனார். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் கடைக்கு வந்தார்கள். ஒருத்தர் சக்கரத்துக்கு மேலே கை வைத்துப் பார்த்தார். முழுக் கையும் நுழைந்தது. "என்ன மாமா, லாரி ஆக்கிட்டீங்க?" மாமா சொன்னார், "வயசாச்சுப்பா, முதுகு வலி." யார் முதுகு என்று சொல்லவில்லை.

அக்கா எழுந்தாள். முதலில் சுவரைப் பிடித்து, பிறகு கோல் வைத்து. நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து மாமாவை நச்சரித்தாள். "கீழ இறக்கிடுங்க. நான்தான் நடக்கிறேனே. இறங்கி நடப்பேன்." பார்ப்போம் என்பார். அடுத்த மாதமும் பார்ப்போம். கடைசி வரை பார்ப்போம்தான். ஆனால் லீவு நாளில் கட்டிலுக்கு அடியிலிருந்து கோணியை இழுத்து, அந்தக் குட்டை ஸ்பிரிங்கை ஒவ்வொன்றாகத் துடைத்து, மறுபடி கட்டி உள்ளே தள்ளுவார். அக்கா அதைப் பார்ப்பாள்.

மாமா போய் மூணு வருஷம். கடையில் உட்கார்ந்தபடியே போனார். வண்டியைக் கேட்டு இரண்டு பேர் வந்தார்கள், அக்கா கொடுக்கவில்லை. வருஷம் திரும்பினதும் பாயைக் கூப்பிட்டாள். கோணியைக் காட்டினாள். "இதை மாட்டு பாய்."

"பாபி, உங்க முதுகு?" பாபி என்றால் பாய் பாஷையில் அண்ணி.

"முதுகு என்னோடது. மாட்டு."

"கிளட்ச்?"

"அது வேணாம். குச்சி காலுக்கு ஆகாது."

அதற்குள் நான் லைசென்ஸ் எடுத்திருந்தேன். இப்போது நான் குச்சியும் இல்லை, அந்தத் தொட்டி சீட் எனக்குச் சரியாக இருக்கிறது. போன வாரம் அக்காவை அதே ஆஸ்பத்திரிக்குக் காட்டிவிட்டுத் திரும்பினோம். அந்த ஸ்கூல் வாசல் வந்தது. நிறுத்தினேன். "இளீரி, இளீரி" என்று அக்கா தானே சொல்லிக்கொண்டு கதவைத் திறந்தாள். கோலை ஊன்றினாள். பின்னால் கேப்காரன் ஹாரன் அடித்தான். திரும்பாமல் கோலை மட்டும் தூக்கிக் காட்டினாள். நான் குறுக்காக, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினேன். உரசவில்லை. அந்தப் பக்கம் நிறுத்திக் காத்திருந்தேன். நிதானமாக நடந்து வந்து ஏறி உட்கார்ந்தாள். வண்டிக்கும் சக்கரத்துக்கும் நடுவில் எத்தனை விரல் போகுது என்று கேட்டாள். ஒண்ணுதான் என்றேன். சரி, ஓட்டு என்றாள்.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வரை தள்ளின ஹம்ப் ஒன்பது. இப்போது அஞ்சு ஹம்ப் கூடிவிட்ட அதே ரோட்டில் போன வாரம் அக்கா இறங்கி நடந்தது, பதினான்கு.