ஸ்டிக்கர் பொட்டுக்கு அடியில் ஒரு வெள்ளை வட்டம்

1. தோலுக்குன்னு தனி டாக்டரா?

பெரம்பலூரில் நான் கிளினிக் திறந்த அன்று முதலில் உள்ளே வந்தவர் வைத்தியத்துக்கு வரவில்லை. வாசல் போர்டைப் படித்துவிட்டுச் சந்தேகம் கேட்க வந்தார். அரியலூர்ப் பக்கம் கட்டட வேலை செய்யும் கொத்தனார். "தோலுக்குன்னு தனியா ஒரு டாக்டரா? அதுல என்னங்க இருக்கு, மேல போத்துன துணி மாதிரிதானே?" என்று கேட்டார். நல்ல ஆரம்பம் என்று நினைத்துக்கொண்டேன்.

கதவைப் பிடித்திருந்த அவர் கையைப் பார்த்தேன். விரலிடுக்கெல்லாம் வெடித்து, சில இடங்களில் நீர் கசிந்துகொண்டிருந்தது. உட்கார வைத்தேன். அவருக்குத் தெரிந்த பாஷையிலேயே சொன்னேன். மேல்தோல் நீங்கள் கட்டும் சுவர் மாதிரி. செத்துத் தட்டையான செல்கள் செங்கல். அவற்றுக்கு நடுவில் இருக்கும் கொழுப்புப் பசை கலவை. கலவை சரியாக இருக்கும்வரை வெளியிலிருந்து கிருமி வராது, உள்ளேயிருக்கும் ஈரமும் போகாது. ஈர சிமெண்ட்டின் காரம் அந்தக் கலவையை அரிக்கிறது. சாயங்காலம் துணி சோப்பு போட்டுத் தேய்த்து மிச்சத்தையும் நீங்களே சுரண்டி விடுகிறீர்கள். போதாததற்குச் சிமெண்ட்டில் இருக்கும் உலோக உப்பு சிலருக்கு அலர்ஜியும் தரும்.

அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரப்பர் கையுறை போடச் சொன்னேன். சித்தாள் எல்லாம் சிரிப்பார்கள் என்றார். கடைசிவரை போட்டாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அந்தச் செங்கல் விளக்கத்தை அன்று முதல் நான் விடவில்லை. இந்த இரண்டு மாவட்டத்திலும் அது புரியாத ஆளில்லை.

2. பெரிசாகிக்கொண்டே போன பொட்டு

தோல் படிப்புக்கு வரும் பிள்ளைகளிடம் நான் தவறாமல் சொல்லும் சம்பவம் இனிதான் வருகிறது. பெயர்களை மாற்றியிருக்கிறேன்.

வளர்மதிக்கு விக்கிரமங்கலம் பிறந்த ஊர். எறையூரில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகியிருக்காது. மாமியார் செல்லம்மாள் அழைத்துக்கொண்டு வந்திருந்தார். அழைத்துக்கொண்டு என்று எழுதுகிறேனே தவிர, பார்வைக்கு ஆளைப் பிடித்துக்கொண்டு வந்த மாதிரிதான் இருந்தது. என்ன தொந்தரவு என்று மருமகளைக் கேட்டால் மாமியார் பதில் சொன்னார். எத்தனை நாளாக என்று கேட்டாலும் மாமியாரே சொன்னார். நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அந்தப் பொண்ணுக்கு வாய் இருக்குல்லம்மா?" என்றேன். எனக்குக் கொஞ்சம் முன்கோபம். ஊரில் எல்லாருக்கும் தெரியும்.

வளர்மதியின் நெற்றியில் மெரூன் நிறத்தில் பெரிய ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. சின்ன முகம். பொட்டு மட்டும் முகத்துக்குச் சம்பந்தமில்லாத அளவு. எடுக்கச் சொன்னேன். மாமியாரைப் பார்த்தாள். அவர் தலையாட்டிய பிறகு எடுத்தாள். அடியில் வெள்ளை வட்டம்.

விவரம் மெல்ல வந்தது. கல்யாணமான புதிதில் சின்னப் பொட்டுதான் வைத்திருக்கிறாள். அந்த இடத்தில் அரித்திருக்கிறது. பிறகு வெளுத்திருக்கிறது. வெளுப்பு பொட்டுக்கு வெளியே தெரிந்ததும் அடுத்த அளவு ஸ்டிக்கர். அதையும் தாண்டி வெளுத்ததும் இன்னும் பெரிய ஸ்டிக்கர். யாருக்கும் தெரியக் கூடாதென்று ராத்திரி தூங்கும்போதும் எடுப்பதில்லை. மறைக்க ஒட்டியதே வேலையைக் காட்டிக்கொண்டிருந்தது.

செல்லம்மாள் நேராக விஷயத்துக்கு வந்தார். "இது வெண்குஷ்டந்தானே டாக்டரம்மா? மறைச்சிக் கட்டிக்கொடுத்துட்டாங்க. வர்ற தையில எம்பொண்ணுக்கு நிச்சயம் வச்சிருக்கோம். அதுவரைக்கும் இவ அவங்கம்மா வூட்டுல இருக்கட்டும். அப்புறம் பாத்துக்கலாம்."

அந்த "அப்புறம் பாத்துக்கலாம்" என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வளர்மதிக்கும் தெரிந்திருந்தது. கையிலிருந்த ஸ்டிக்கரை மடித்து மடித்து ஒரு உருண்டையாக்கிக்கொண்டிருந்தாள்.

பஞ்சைத் திரித்து வட்டத்துக்குள் தொட்டுப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னாள். உணர்ச்சி இருக்கிறது, தொழுநோய் இல்லை. உதடு, விரல் நுனி, முட்டி, முதுகு எங்கேயும் வேறு வெள்ளை கிடையாது. வட்டத்தின் ஓரமோ ஸ்டிக்கரை வைத்து வரைந்த மாதிரி இருந்தது. உடம்பு தானாக அப்படிக் கச்சிதமாக வட்டம் போடாது.

இது வெண்குஷ்டம் இல்லை என்று இருவருக்கும் சொன்னேன். மேல்தோலின் அடிவரிசையில் நிறம் தயாரிக்கும் செல்கள் இருக்கின்றன. கறுப்பாக இருப்பவருக்கும் சிவப்பாக இருப்பவருக்கும் அந்தச் செல்கள் ஏறக்குறைய ஒரே அளவுதான். தயாரிக்கும் சரக்கில்தான் வித்தியாசம். வெயிலில் தோல் வெந்துபோகாமல் காப்பது அந்த நிறம்தான். சில ஸ்டிக்கர்களின் பசையில் இருக்கும் ரசாயனம் அந்தச் செல்களைக் கொன்றுவிடும். மேலே தோல் அப்படியே இருக்கும், நிறம் மட்டும் போய்விடும். எல்லாருக்கும் ஆகாது, சிலருக்கு ஆகும். ஸ்டிக்கரை நிறுத்தினால் பெரும்பாலும் மேற்கொண்டு பரவாது. கடைக் குங்குமத்திலும் சாயம் இருக்கிறது, அதனால் சில மாசம் நெற்றியில் எதுவுமே வேண்டாம்.

கடைசி வாக்கியம் முடிவதற்குள் செல்லம்மாள் எழுந்துவிட்டார். புருஷன் உயிரோடு இருக்கும்போது வெறும் நெற்றியோடு ஒருத்தி தன் வீட்டில் நடமாடக் கூடாது என்றார். அப்புறம், "ஊரே ஸ்டிக்கர்தான் ஒட்டுது. நானும் அதே அட்டையிலேர்ந்துதான் எடுத்து ஒட்டுறேன். எனக்கு ஒண்ணும் ஆவலியே?" என்றார்.

கேள்வி நியாயமானது. அப்போதுதான் அவர் நெற்றியைச் சரியாகப் பார்த்தேன். ஸ்டிக்கரைச் சுற்றிக் குங்குமத்தைக் குழைத்துத் தடவியிருந்தார். மருந்து வாங்கி வரச் சொல்லி வளர்மதியை வெளியே அனுப்பினேன். கதவு சாத்தியதும், "நீங்களும் எடுங்க" என்றேன்.

கை நெற்றி வரை போய் அங்கேயே நின்றது. நான் அவசரப்படுத்தவில்லை. கடைசியில் எடுத்தார். மருமகளுக்கு ஆனது போல முழு வெள்ளை இல்லை. ஆனால் நடுவில் வெளிறி, ஓரத்தில் வெண்மை பிடித்திருந்தது. எப்போதிலிருந்து என்று கேட்டேன். போன ஆடியிலிருந்து என்றார். அப்படியானால் இதை வைத்துக்கொண்டுதான் இவ்வளவு நேரம் அந்தப் பெண்ணின் தாய் வீட்டைத் திட்டினீர்களா என்று எனக்கு வாய்வரை வந்தது. அதற்குள் அவரே பேசினார். குரல் இறங்கியிருந்தது.

"இவகிட்டேர்ந்துதான் எனக்கு ஒட்டிக்கிச்சி டாக்டரம்மா. நாளைக்கி எம்பொண்ணுக்கும் வந்துட்டா அவள யாரு கட்டுவாங்க?"

எனக்கு வந்த கோபம் பாதி இறங்கிவிட்டது. அந்த அம்மாள் கெட்டவர் இல்லை, பயந்துபோனவர். இருவருக்கும் ரத்த சம்பந்தம் கிடையாது, பொதுவாக இருப்பது அந்த அட்டை ஒன்றுதான் என்று எடுத்துச் சொன்னேன். மகளும் அதே அட்டையா என்று கேட்டேன். இல்லை, அவள் பேனா மாதிரி ஒன்றில் சாந்து வைத்துக்கொள்வாள் என்றார். சொல்லும்போதே அவருக்கு விளங்கிவிட்டது. முகம் மாறியதைப் பார்த்தேன்.

போகும்போது, மருமகளிடம் சொல்லிவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். ஒரு நோயாளியின் விஷயத்தை இன்னொருவரிடம் நான் சொல்ல முடியாது. "நான் சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியது நீங்க" என்றேன். புது ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டிக்கொண்டு, மருந்தோடு வந்த மருமகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

3. வெள்ளையெல்லாம் ஒன்றல்ல

அடுத்த முறை வரச் சொன்ன நாளில் இருவரும் வரவில்லை. வளர்மதியை விக்கிரமங்கலத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்றே முடிவு செய்துகொண்டேன். அந்த நாட்களில் வெள்ளைத் திட்டோடு யார் வந்தாலும் வழக்கத்தைவிடக் கூடுதலாகப் பேசினேன்.

படிக்க வரும் பிள்ளைகளுக்காக இங்கே குறித்து வைக்கிறேன். வியர்வை அதிகமுள்ளவர்களுக்கு மார்பிலும் முதுகிலும் மெல்லிய செதிலோடு வருவது தேமல். அது பூஞ்சை, மருந்துக்குக் கேட்கும். சின்னப் பிள்ளைகளின் கன்னத்தில் வரும் வெளிறிய திட்டை வயிற்றுப் பூச்சி என்று சொல்லிப் பூச்சி மருந்து கொடுப்பார்கள். பெரும்பாலும் அது வறட்சிதான், எண்ணெய்ப் பசை போதும். வெளிறிய திட்டில் தொட்டால் தெரியவில்லை என்றால் தொழுநோயை நினைக்க வேண்டும். அதற்கும் முழுக் குணம் உண்டு, மாத்திரை இலவசம். பால் மாதிரி வெளுத்து, உணர்ச்சி குறையாமல் இருப்பது வெண்புள்ளி. அதைக் குஷ்டம் என்ற பெயரோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லியே எத்தனையோ பேரைக் கெடுத்திருக்கிறோம். இது எதற்குமே மெடிக்கல் ஷாப்பில் கேட்டு ஸ்டீராய்டு களிம்பு வாங்கி முகத்தில் பூசக் கூடாது. பூசிக்கொண்டு வந்து, "சும்மா கொஞ்சந்தான் டாக்டர்" என்று சொல்லாத ஆள் கிடையாது.

4. நிச்சயதார்த்தம்

தை முடியும் சமயம் ஒரு பெரியவர் உள்ளே வந்தார். செல்லம்மாளின் கணவர். உட்காருவதற்கு முன்பே, "டாக்டரம்மா, இவங்க எப்ப பொட்டு வைக்கலாம்? பஸ்ஸுல ஒரு அம்மா எம்பொண்டாட்டி கையப் புடிச்சிக்கிட்டு, எப்ப தவறுனாரு, எப்டி ஆச்சுன்னு கேக்குது. நான் பக்கத்துலதான் உக்காந்திருக்கேன்" என்றார்.

அவருக்குப் பின்னால் மாமியாரும் மருமகளும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் வெறும் நெற்றி. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

நடந்ததை வளர்மதி சொன்னாள். அவளைத் தாய் வீட்டுக்கு அனுப்பவில்லை. நாள் குறித்து, பையும் கட்டி, பிறகு எதுவும் சொல்லாமலேயே மாமியார் அதைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்திருக்கிறார். ஸ்டிக்கர் வைக்காமல் இரு, வெளியாள் வந்தால் மட்டும் உள்ளே போய்விடு என்று ஏற்பாடு. நிச்சயத்தன்றும் பின்கட்டில் அடுப்பு வேலையில் இருந்திருக்கிறாள். மாப்பிள்ளையின் பெரியம்மா கை கழுவப் பின்பக்கம் வந்திருக்கிறார். வெறும் நெற்றியையும் வெள்ளை வட்டத்தையும் பார்த்துவிட்டு, கூடத்துக்கே கேட்கும்படி, இந்த வீட்டில் வெண்குஷ்டம் இருக்கிறதா, பொண்ணுக்கும் இருக்கிறதா என்று கேட்டுவிட்டார். தட்டு மாற்ற எழுந்தவர்கள் உட்கார்ந்துவிட்டார்கள்.

இன்றோடு தன் கதை முடிந்தது என்று வளர்மதி நினைத்திருக்கிறாள். அப்போது செல்லம்மாள் கூடத்திலிருந்து பின்கட்டு வாசலுக்கு வந்து, அத்தனை பேர் முன்னாலும் தன் ஸ்டிக்கரைப் பிய்த்திருக்கிறார்.

"எனக்கும் இருக்குங்க. இவளுக்கு வந்தது வியாதி இல்ல, நான் வாங்கிக் கொடுத்த அட்டையால வந்தது. டாக்டரம்மா சொல்லி எனக்கு அப்பவே தெரியும். நான்தான் வாயத் தொறக்கல."

அதற்குப் பிறகு கூடத்தில் இருந்த பெண்களில் பாதிப் பேர் நெற்றியைத் தடவிப் பார்த்ததாகவும், அந்தப் பெரியம்மாவே எந்த அட்டை என்று விசாரித்ததாகவும் பெரியவர் சொன்னார். கொஞ்ச நேரம் குசுகுசுப்பு. பிறகு தட்டு மாற்றினார்கள்.

விளக்கடியில் வளர்மதியின் நெற்றியைப் பார்த்தேன். வெள்ளைக்குள் மிளகுப்பொடி தூவியது போலப் பழுப்புப் புள்ளிகள். பூனைமுடியின் வேரில் மிச்சமிருக்கும் நிறச் செல்கள் மேலேறி வரும்போது இப்படித்தான் தெரியும். எல்லாருக்கும் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இவளுக்குத் திரும்ப ஆரம்பித்திருந்தது. கண்ணாடியில் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே வைக்காமலேயே கேட்டாள்.

"அத்த, இது நெசமாவே வெண்குஷ்டமா இருந்திருந்தா?"

பெரியவர் ஃபேனைப் பார்த்தார். செல்லம்மாள் மழுப்பியிருக்கலாம். அவர் மழுப்பவில்லை.

"அனுப்பித்தான் இருப்பேன். அதுவும் ஒட்டாதுன்னு எனக்கு யாரும் சொல்லலையே."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. ஆனாலும் அந்த வார்த்தை என்னைத்தான் தைத்தது. அன்று நான் நிரூபித்ததெல்லாம் வளர்மதிக்கு அந்த நோய் இல்லை என்பதை மட்டும்தான். எல்லாரும் பெருமூச்சு விட்டோம். அந்த நோய் உண்மையாகவே உள்ள பெண்ணுக்கு அந்தப் பெருமூச்சால் என்ன பிரயோஜனம்?

இப்போதெல்லாம் வெள்ளைத் திட்டோடு யார் வந்தாலும், இது அந்த நோய் இல்லை என்று நான் முதலில் சொல்வதில்லை. கூட வந்தவர்களையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைக்கிறேன். வெண்புள்ளி குஷ்டம் இல்லை, தொட்டால் ஒட்டாது, ஒரே தட்டில் சாப்பிடலாம், கல்யாணம் செய்யலாம், பிள்ளை பெறலாம் என்று அவர்கள் காதில் விழும்படி சொல்கிறேன். அதற்கப்புறம்தான் பஞ்சை எடுக்கிறேன்.