கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் விழுந்த மாலை

ஜோகுபாளையத்து உத்தமன் இலங்கைச் சண்டையிலிருந்து திரும்பி வந்த அன்று, கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவரை வரவேற்க இரண்டாயிரம் பேர் கூடியிருந்தார்கள். பேண்டு வாத்தியம் காதைப் பிளந்தது. யானை ஒன்றுதான் குறை.

சரி, இரண்டாயிரம் என்பது கொஞ்சம் தாராளமாகச் சொன்னது. இருபத்திரண்டு பேர். அதில் ஒன்பது பேர் பேண்டுக்காரர்கள். அவர்களில் ஒருவர்கூட உத்தமனுக்காக வரவில்லை என்பதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம். ஆனால் மாலை விழுந்தது அவர் கழுத்தில்தான். அதில் பொய் இல்லை.

தொண்ணூறாம் வருஷம், மார்ச் மாதம். உத்தமனுக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அல்சூர் ஏரிப் பக்கத்து முகாமில் பாலம் போடவும் கண்ணிவெடி எடுக்கவும் கற்றுக்கொண்ட சிப்பாய். அமைதிப்படை என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். போன இடத்தில் அமைதியைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. தமிழ் தெரிந்தவர் என்பதால், வெடி தேடாத நாட்களில் அவரை யாழ்ப்பாணத்துச் சோதனைச் சாவடியில் நிறுத்தினார்கள். சைக்கிளை விட்டு இறங்கு, பையைத் திற, எங்கே போகிறாய் என்று எல்லாவற்றையும் அந்த ஜனங்களின் பாஷையிலேயே கேட்கிற வேலை. இந்திக்காரச் சிப்பாய் கேட்டால் பயந்தார்கள். இவர் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அதற்குப் பயமே தேவலை என்று அவருக்குத் தோன்றியதுண்டு.

கப்பல் மெட்ராஸ் வந்தபோது துறைமுகத்தில் ராணுவ பேண்டு வாசித்தது. ஊர் வரவில்லை. நம் ஜனத்தோடு சண்டை போட்டுவிட்டு வருகிறவர்களுக்கு என்ன வரவேற்பு என்பது ஊரின் எண்ணம். பெங்களூர் ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த அம்மாள், “அங்கேர்ந்தா வர்றீங்க?” என்று கேட்டாள். அவர் தலையசைத்ததும் குழந்தையைத் தூக்கி மறுபக்கம் உட்கார வைத்துக்கொண்டாள். உத்தமன் அப்புறம் கன்டோன்மென்ட் வரும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

இறங்கினால் பிளாட்பாரத்தில் பேண்டு! நிலைமை இதுதான்: ஜோகுபாளையத்துப் பிரபாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை சுந்தரம் மெட்ராஸில் மிலிட்டரி கணக்கு ஆபீசில் கிளார்க். அதைச் சொந்தக்காரப் பெண்கள் ‘மிலிட்டரி மாப்பிள்ளை’ என்று சுருக்கிவிட்டார்கள். அந்த மாப்பிள்ளையோ, கட்டுச்சோறு கட்டிக்கொண்டு வந்த கூட்டத்தோடு நன்றாகத் தூங்கிக் கன்டோன்மென்டைத் தவறவிட்டு சிட்டி ஸ்டேஷனுக்குப் போய்விட்டார். இங்கே ஒரே ஒரு மிலிட்டரிக்காரர் இரும்புப் பெட்டியோடு இறங்கி நிற்கிறார். பிரபாவின் சித்தப்பா மகள் தமயந்தி கையில் மாலை. போட்டுவிட்டாள். பேண்டு பிடித்துக்கொண்டது.

“ஐயோ, அது மாப்பிள்ளை இல்லடி” என்று பிரபாவின் அப்பா, தமயந்தியின் பெரியப்பா, கத்தியது பேண்டு சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

ஒருத்தன் கழுத்தில் ஏறிய மாலையை மாப்பிள்ளைக்குப் போட முடியாதே. உத்தமனே வைத்துக்கொண்டார். மறுநாள் மன்னிப்புக் கேட்கலாமென்று கல்யாண மண்டபத்துக்குப் போனார். பந்தியில் ஆள் போதாமல் இவர் கையில் சாம்பார் வாளியைக் கொடுத்தார்கள். வாளியைப் பிடித்தவர் அந்தக் குடும்பத்தை விடவே இல்லை. இரண்டு வருஷத்தில் தமயந்திக்கும் அவருக்கும் கல்யாணம்.

அதற்கப்புறம் பதினைந்து வருஷம் எங்கெங்கோ முகாம். பென்ஷனோடு ஊர் திரும்பியும் தரையைப் பார்த்து நடக்கிற பழக்கம் போகவில்லை. தெருவில் எவன் பள்ளம் தோண்ட வந்தாலும் உத்தமன் முன்னால் போய் நின்று, “இங்க கடப்பாரை போடாதீங்க, தண்ணி பைப்பு போவுது” என்பார். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஆனால் இலங்கையில் இருந்த அந்த மூன்று வருஷத்தைப் பற்றி வெளியே பேசமாட்டார். ஸ்டேஷன் கதையை மட்டும் ரசித்து ரசித்துச் சொல்வார். மார்ச் மாதம் ஒரு நாள் தமயந்தியைக் கூட்டிக்கொண்டு கன்டோன்மென்ட் போய், இரண்டு பிளாட்பாரம் டிக்கெட் வாங்கி, பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு வருவார். தூங்கிப்போன புண்ணியவான் என்று சுந்தரத்துக்குத் தீபாவளி தவறாமல் மைசூர்பாகு போகும். “எப்படிம்மா ஆள் மாறிப் போட்டே?” என்று யார் கேட்டாலும் தமயந்தியின் பதில் ஒன்றுதான். “அன்னிக்கு எனக்குக் கண்ணாடி இல்ல.”

இந்த ஜனவரியில் தெருச் சங்கத்துச் செயலாளர் ஹரிஷ்குமார் வீட்டுக்கு வந்தான். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவன்.

“அண்ணா, ரிபப்ளிக் டேக்கு நம்ம தெரு மிலிட்டரிக்காரங்க நாலு பேருக்கும் சால்வை போடறோம். நீங்க எந்தச் சண்டைண்ணா?”

உத்தமன் சொன்னார். ஹரிஷ்குமார் பேனாவை மூடிவிட்டான்.

“சிவசங்கரன் சார் அப்பவே சொன்னாரு. அந்தச் சண்டைக்குப் போனவங்களுக்குச் சால்வை கூடாதுன்னு. பெரியவரா அவருதான் போர்த்தணும் வேற.” கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தான். “கார்கில்னு போட்டுக்கலாமாண்ணா? யாரும் ஒண்ணும் கேக்கமாட்டாங்க.”

“அந்தப் பக்கம் நான் போனதே இல்லியேப்பா.”

“யாருக்குண்ணா தெரியப்போவுது?”

அவன் போனபிறகு உத்தமன் காபியைத் தொடவில்லை. கார்கில் என்றால் தெருவே கை தட்டும். உண்மையைச் சொன்னால் முப்பத்தைந்து வருஷம் சிரித்துப் பேசிய ஜனம், அந்த ரயில் அம்மாளைப் போல் குழந்தையை மறுபக்கம் உட்கார வைக்குமோ? போகாமலே இருந்துவிடலாம் என்றார்.

“சும்னே இருங்க,” என்றாள் தமயந்தி, கன்னடம் கலந்த பெங்களூர்த் தமிழில். “போய் இருக்கறத சொல்லுங்க. வெள்ளச் சட்டைக்கு இஸ்திரி போட்டாச்சு.”

கொடியேற்றி, ஜாங்கிரி கொடுத்து, மூன்று பேருக்குச் சால்வை போர்த்தியாயிற்று. நாலாவது உத்தமன். சால்வையைக் கையில் வைத்துக்கொண்டு சிவசங்கரன் நின்ற இடத்திலேயே நின்றார். தொழிற்சாலையில் யூனியன் நடத்தி ஓய்வு பெற்றவர், அந்த நாளில் இலங்கைத் தமிழருக்காக உண்ணாவிரதம் இருந்தவர்.

“உத்தமா, உன்மேல எனக்குக் கோவம் இல்ல. நீ எந்தச் சண்டைக்குப் போனே, அங்க என்ன பண்ணேன்னு மட்டும் சொல்லிடு.”

உத்தமன் மைக்கை வாங்கினார். ஹரிஷ்குமாரின் உதடுகள் கார்கில், கார்கில் என்று முணுமுணுத்தன.

“யாழ்ப்பாணத்துல இருந்தேன். ஒரு பள்ளிக்கூட வாசல்ல நாலு கண்ணிவெடி எடுத்தேன். அது நல்ல வேலை. சாவடில நின்னு நம்ம பாஷைலயே நம்ம சனத்த மெரட்டினேன். அது நல்ல வேலை இல்ல. நான் யாரையும் சுடல. ஆனா சுட்டவங்களுக்குப் பாதை போட்டவன் நான்தான்.”

உத்தமன் மைக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டார்.

“எனக்கு ரெண்டு மாலை விழுந்துருக்கு. மொதல்ல போனப்போ அந்த ஊர்ச் சனமே போட்டுச்சு, காப்பாத்த வந்திருக்கோம்னு நம்பி. அது தப்பாப் போச்சு. ரெண்டாவது, உங்களுக்கெல்லாம் தெரிஞ்சதுதான், கன்டோன்மென்ட்ல ஆள் மாறி விழுந்தது. அதுல எனக்குக் குடும்பம் கெடச்சுது, இந்தத் தெரு கெடச்சுது. கும்பிடறேன். மூணாவதா இந்தச் சால்வையும் தப்பா விழ வேணாம்.”

சால்வையை மடிப்பதா பிரிப்பதா என்று தெரியாமல் சிவசங்கரன் நின்றார். அப்போது இரண்டாவது வரிசையில் தமயந்தி எழுந்தாள்.

“ஆளெல்லாம் ஒண்ணும் மாறல. சுந்தரம் அத்தான் பொண்ணு பாக்க வந்தப்போ பஜ்ஜி வெச்சதே நான்தான். ஆறு பஜ்ஜி தின்ன மூஞ்சி மறக்குமா?” தெரு சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. “இவரு எறங்கினதும் பேண்டைப் பாத்தாரு. ஒரு நிமிஷம் மொகம் அப்படியே மலர்ந்துது. அப்புறம் தனக்கில்லன்னு புரிஞ்சு, பெட்டிய ஓரமா இழுத்து எங்களுக்கு வழி விட்டாரு. அதப் பாத்துட்டுத்தான் போட்டேன். பெரியப்பா இருந்தவரைக்கும் சொல்லப் பயம். அப்புறம் இவரு அந்தக் கதைய அவ்வளவு ஆசையா சொல்றாரே, கெடுக்க மனசு வரல.”

உத்தமன் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து மார்ச் மாதங்களாக அவர் ரயில்வேக்கும் சுந்தரத்தின் தூக்கத்துக்கும் சொல்லிவந்த நன்றியெல்லாம் இப்போது ஒரே ஆள் பக்கம் திரும்பியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

“அந்தச் சண்டை தப்புதான். இப்பவும் அதைத்தான் சொல்வேன்,” என்றார் சிவசங்கரன், சால்வையைப் பிரித்துக்கொண்டே.

“தப்புதாங்க.”

“குனி.”

சால்வை தோளில் விழுந்தது. உத்தமன் மைக்கை விடவில்லை.

“ரொம்ப நன்றி. அன்னிக்கு ஸ்டேஷன்ல, ஒன்பது பேரு பேண்டு வாசிக்க...”

“ஏழு பேரு,” என்றாள் தமயந்தி.