ஏரிக்குள் நின்ற சிமெண்டுக் கப்பல்

மைசூரிலிருந்து நஞ்சன்கூடு போகிற வழியில், ரோட்டை ஒட்டிய ஏரிக்குள் தூண் இறக்கி, மாரிசாமி ஒரு கப்பல் கட்டியிருந்தான். சிமெண்டுக் கப்பல். உள்ளே டீக்கடை.

ஹனூர்ப் பக்கமிருந்து கொத்து வேலைக்கு வந்தவன் அவன். மகள் ஸ்வாதி ஒருநாள், "அப்பா, நாம கப்பல்ல குடியிருக்கலாமா?" என்று கேட்டாள். வேறொருத்தன் சிரித்துவிட்டுப் போயிருப்பான். இவன் கட்டியே விட்டான். வட்டச் சன்னல், புகைபோக்கி, பழைய லாரி ஸ்டீயரிங் எல்லாம் வைத்தான். "ரோட்டுல போறவங்க சிரிக்கறாங்கங்க" என்று முதலில் சலித்துக்கொண்ட அவன் மனைவி ஜீவிதாவே, பிறகு கடைகடையாக அலைந்து நீலப் பெயிண்ட் வாங்கி வந்தாள்.

மழை பிடித்து ஏரி நிறைந்திருந்த ஒரு மத்தியானம். ஜீவிதா வடை போட்டுக்கொண்டிருந்தாள். மீனுக்குப் போட ஒரு வடையைப் பிய்த்து எடுத்துக்கொண்டு ஸ்வாதி முகப்புக் கம்பியில் ஏறினாள். தண்ணீரில் ஏதோ விழுந்த சத்தம் ஜீவிதாவுக்குக் கேட்கத்தான் செய்தது. யாரோ இளநீர்க் கூட்டை வீசுகிறார்கள் என்று நினைத்து, அடுத்த வடையைத் தட்டினாள்.

ஸ்வாதியின் காரியம் முடிந்த கையோடு மாரிசாமி சொன்னான்: "இடிச்சுப் போடறேன்."

"தொடாதீங்க. எம்புள்ள கடைசியா நின்ன எடம்."

"அதனாலதான் சொல்றேன் புள்ள."

அவள் அசையவில்லை. அவன் ஹனூருக்குப் போய்விட்டான்.

ஜீவிதா தனியாகக் கடை நடத்தினாள். கம்பி நெடுக வலை கட்டினாள். குழந்தைகளோடு வருகிறவர்களிடம் அவள் எரிந்து விழுவதாகப் பேச்சு வந்தது. ஆனாலும் படம் பிடிக்க ஆட்கள் வந்தபடியே இருந்தார்கள்.

பொங்கல் கழிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, காரில் வந்த ஒருவர் தம் சின்னப் பெண்ணைத் தூக்கிக் கம்பிமேல் உட்கார வைத்தார், படத்துக்காக. ஜீவிதா டீ பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். குழந்தையைப் பறித்து நெஞ்சோடு அணைத்தவள், விடவே இல்லை. குழந்தை பயந்து வீறிட்டது. அப்பாக்காரர் கன்னடத்தில் கத்திக்கொண்டே அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். கை வெறுமையான பிறகுதான், அது யார் பெற்ற பிள்ளையோ என்பது அவளுக்கு உறைத்தது.

அன்றைக்கே போன் செய்தாள். "வந்து இடிச்சுப் போடுங்க. என்னால முடியலீங்க."

மாரிசாமி வந்தான். வந்தவனால் சம்மட்டியைத் தூக்க முடியவில்லை. "சன்னலு வட்டமாத்தான் வேணும்னு ஒரே அடம் புடிச்சாளே" என்று தரையில் உட்கார்ந்து அழுதான். ஜீவிதா சம்மட்டியை எடுத்து, அந்தச் சன்னல்மேல் தானே முதல் அடியைப் போட்டாள்.

இப்போது இருவரும் நஞ்சன்கூட்டில் ஒரு வாடகை அறையில் இருக்கிறார்கள். அவன் கொத்து வேலைக்குப் போகிறான், அவள் ஒரு கேண்டீனில் சமைக்கிறாள். விடுமுறை நாளில் அவள் மட்டும் பஸ் ஏறி ஏரிக்கரைக்குப் போவாள். பொழுது சாயத் திரும்பி வருவாள். எங்கே போனாய் என்று அவன் கேட்பதில்லை. சோறு வடித்து வைத்திருப்பான்.