அவர் விரல் மட்டும் தேயவில்லை

என் கணவர்மீது எனக்கு முதன்முதலாகப் பொறாமை வந்தது, கல்யாணமாகி வெகு காலம் கழித்து, ஒரு மழை மாலையில். அதுவும் அவருடைய விரல்களைப் பார்த்து.

திருவனந்தபுரம் பைபாஸ் ஓரத்தில், முன்பு குடோனாக இருந்த கட்டடத்தில், பாறையேற்றம் பழகுவதற்காக உயரமான செயற்கைச் சுவர் ஒன்று கட்டி, விழுந்தால் அடிபடாதபடி கீழே மெத்தை விரித்திருக்கிறார்கள். நாற்பதை நெருங்கும் வயதில் நான் அங்கே சேர்ந்தேன். நாள் முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து கழுத்து பிடித்துக்கொண்டதால், அலுவலகத் தோழி ஒருத்தி இழுத்துக்கொண்டு போனாள். அவள் சீக்கிரமே நின்றுவிட்டாள். எனக்குப் பிடித்துப்போயிற்று. வீட்டில் எல்லாமே எல்லாருக்கும் பொது. அந்தச் சுவர் மட்டும் எனக்கே எனக்கு என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரே சங்கடம் என் கை. பரீட்சைத் தாளுக்கு மேல் கைக்குட்டை விரித்து அதில் கையை ஊன்றி எழுதியவள் நான், அப்படி வேர்க்கும். வேர்வையில் ஊறிய தோல், சுவரின் சொரசொரப்பான பிடிகளில் பட்டுச் சீக்கிரம் தேய்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஏறினாலே விரல் நுனிகள் சிவந்து பளபளவென்றாகி, சூடான தம்ளரைத் தொட முடியாமல் எரியும்.

அங்கே பயிற்சி கொடுப்பவள் பாறசாலைக்காரி, மலையாளி. என்னோடு பேசும்போது தமிழைக் கலந்துகொள்வாள். அவள் சொன்னதையெல்லாம் நான் விரதம்போலக் கடைப்பிடித்தேன். போவதற்கு முன்னால் பாத்திரம் துலக்குவதில்லை, தோல் ஊறிவிடும். நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்வேன். வேர்வைக்கான வெள்ளைப் பொடியை அப்பிக்கொள்ளாமல் மெல்லப் பூசி, ஒவ்வொரு ஏற்றத்துக்கும் நடுவில் மின்விசிறிக்கு முன்னால் கையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். முடித்ததும் பொடியை உடனே கழுவிவிட்டு, படுக்கும்போது தேன்மெழுகுக் களிம்பு. காய்ப்புக் காய்த்த இடத்தில் ஓரம் தூக்கிக்கொண்டு நின்றால், அது பிடியில் மாட்டித் தோலையே உரித்துவிடும் என்பதால், மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

உப்புத்தாள் எங்கள் கடையிலிருந்தே வந்தது. சாலைக் கடைத்தெருவில் என் மாமனார் காலத்திலிருந்து இருக்கும் இரும்புக்கடை. இப்போது என் கணவர் பார்த்துக்கொள்கிறார்.

"வெரலுக்கு உப்புத்தாளா? கதவுக்குப் போடுறதாக்கும் இது," என்று சிரித்துக்கொண்டேதான் கொண்டுவந்து தந்தார்.

அந்த மழை நாளில் என்னை அழைத்துப்போகக் காரில் வந்தவர், பெஞ்சில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பயிற்சிக்காரிக்குப் பொறுக்கவில்லை.

"சேட்டா, சும்மா இரிக்காம ஒண்ணு கேறி நோக்குங்க."

ஏறிப் பார்க்கச் சொன்னதும் அவர் கூச்சப்பட்டார். பிறகு இரவல் ஷூவை மாட்டிக்கொண்டு சுவர் முன்னால் போய் நின்றார். அங்கே ஒவ்வொரு வழிக்கும் ஒரு நிறத்தில் பிடிகள் பதித்திருப்பார்கள். மஞ்சள் வழியில் நான் மாதக்கணக்காகப் பாதியில் விழுந்துகொண்டிருந்தேன். அவர் அதையே தொட்டார். கம்பியும் கயிறும் மூட்டையும் தூக்கிப் பழகிய கைகள், வறண்டு, மரம்போல. ஓர் இடத்தில்கூட வழுக்கவில்லை. உச்சிப் பிடியைப் பிடித்துவிட்டு, அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல் என்னைத் திரும்பிப் பார்த்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்; எரிச்சலாக இருந்தது, விரலிலும் உள்ளேயும்.

இறங்கி வந்து, "ஏணி மாதிரிதான இருக்கு," என்றார்.

அவர் கையைப் பிடித்துப் பார்த்தேன். நுனியில் ஒரு சிவப்புக்கூட இல்லை.

அதற்குப் பிறகு அவரும் வர ஆரம்பித்தார். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? நோயாளி மாதிரி நான் களிம்பும் உப்புத்தாளுமாக இருக்க, அவர் பொடியை மட்டும் தட்டிக்கொண்டு ஏறினார். வீட்டுக்கு வந்தால் நான் கரண்டியால் சாப்பிடுவேன். அவர் எதிரில் உட்கார்ந்து, எலுமிச்சை ஊறுகாயைச் சோற்றில் போட்டு ஐந்து விரலாலும் ஆசை தீரப் பிசைவார். அதைப் பார்க்கவே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் அவர் புதிதாக ஒரு வழியை முடித்தார். என் விரல்கள் ஏற்கெனவே சிவந்துவிட்டிருந்தன.

"இன்னு மதி, சேச்சி. தோலு போகும்," என்று போதும் என்பதுபோல் கையைக் காட்டினாள் பயிற்சிக்காரி.

"ஒண்ணே ஒண்ணு," என்றேன்.

அவர் ஏறியதையே நானும் ஏறியாக வேண்டும். பாதிக்கு மேலே தாவிப் பிடித்தபோது கை வழுக்கியது. வலது நடுவிரலில் தோல் மடலாகக் கிளம்பித் தொங்கியது. பிடியில் ரத்தம். அவள் என்னைக் குழாயடிக்கு இழுத்துக்கொண்டு போய், பொடி போகும்வரை சோப்புப் போட்டுக் கழுவி, தொங்கிய தோலைச் சுத்தமான நகவெட்டியால் நறுக்கி எடுத்து, மருந்து வைத்துக் கட்டினாள். புதுத் தோல் வந்து தொட்டால் வலிக்காத வரைக்கும் இந்தப் பக்கமே வரக்கூடாது என்றாள்.

வீட்டில் அவரே காய் நறுக்கினார், பாத்திரம் கழுவினார். தினமும் கட்டுப் பிரித்துக் களிம்பு வைத்துக் கட்டிவிட்டார். அவர் அன்பாக இருந்ததுதான் தாங்க முடியவில்லை. அலுவலகத்தில் வருகைப் பதிவு இயந்திரம் என் தேய்ந்த விரல் ரேகையை அடையாளம் தெரியாமல் கூவிக்கொண்டே இருந்தது. பின்னால் வரிசை நீண்டது. அதற்கும் மனதுக்குள் அவரைத்தான் திட்டினேன்.

நான் ஏறப் போகாமல் இருந்த நாட்களில் அவர் தனியாகப் போனார். திரும்பி வரும்போது சட்டையில் வெள்ளைப் பொடி இருக்கும்.

"இன்னைக்கு என்ன ஏறினீங்க?"

"சும்மாதான். ஒண்ணும் பெருசா இல்ல, கேட்டியா."

என்மேல் இரக்கப்பட்டு மறைக்கிறார் என்று தெரிந்ததும் இன்னும் கோபம் வந்தது. ஆனால் அங்கே பழகுகிறவர்களின் வாட்ஸாப் குழுவில் வீடியோ வந்துவிட்டது. வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும் நீல வழியில் அவர் ஏறுகிறார். கடைசிப் பிடிவரை போய் விழுகிறார். நான் அதைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். அவர் விழும் இடம் எனக்கு இனித்தது. அப்படிப் பார்க்கும்போதுதான் கவனித்தேன்: இடது ஆட்காட்டி விரலை எந்தப் பிடியிலும் அவர் ஊன்றவே இல்லை. தூக்கியே வைத்திருந்தார்.

"கையக் காட்டுங்க."

"எதுக்கு?"

"காட்டுங்கன்னா."

நுனியில், நகத்துக்குப் பக்கத்தில், தோல் ஆழமாக வெடித்திருந்தது. கட்டைவிரலிலும் ஒன்று. கடையில் இருக்கும் பசையை விட்டு ஒட்டியிருந்தார். முதலில் எனக்கு வந்தது இரக்கம் இல்லை, சந்தோஷம்.

"ஏன் சொல்லல?"

"உனக்கு அம்புட்டு பெரிய புண்ணு. இத என்னன்னு சொல்ல?"

என் கை வேர்த்துக் கிழிகிறது என்றால், அவர் கை காய்ந்து வெடிக்கிறது. அந்த வறண்ட தோலில் பொடி வேறு இருந்த ஈரத்தையும் உறிஞ்சியிருக்கிறது. ஒருநாளும் அவர் அதை ஒழுங்காகக் கழுவியதில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்து எடுத்து, பிளவின் ஓரத்தில் தடித்திருந்த தோலை அவருடைய உப்புத்தாளாலேயே மெல்லத் தேய்த்தேன். முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

"வலிக்குதா?"

"சாரமில்ல, இதெல்லாம் ஒரு வலியா?"

களிம்பு வைத்துக் கட்டி, மூடும்வரை ஏறக்கூடாது என்றேன். பயிற்சிக்காரியின் குரலிலேயே சொன்னேன். இரண்டு பேரும் வீட்டில் கிடந்தோம். நீண்ட நாளுக்குப் பிறகு எனக்கு நிம்மதியாக இருந்தது.

மழை ஓய்ந்து, காற்றில் ஈரம் குறைந்த தை மாதத்தில் திரும்பப் போனோம். என் நடுவிரலில் புதுத் தோல் கெட்டிப்பட்டிருந்தது. இம்முறை சிவப்பு தட்டுவதற்கு முன்பே நிறுத்தப் பழகியிருந்தேன். அந்த உலர்ந்த காற்றில் என் கை பிடிகளில் சரியாக ஒட்டியது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நீல வழியில் ஏறினேன். சாய்வு தாண்டிக் கடைசிப் பிடியை இரண்டு கையாலும் பிடித்தேன். கீழே பார்த்தால் அவர் கை தட்டிக்கொண்டிருந்தார், ஆனால் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் ஏறினார். சாய்விலேயே பழைய பிளவு வாய் திறந்துவிட்டது. இறங்கி விரலை வாயில் வைத்துக்கொண்டு ஷூவைக் கழற்றினார்.

காரில் ஸ்டியரிங்கைப் பிடித்த தன் விரலையே அடிக்கடி பார்த்துக்கொண்டு ஓட்டினார். எனக்கு அந்தப் பார்வை நன்றாகத் தெரிந்த பார்வை. கிழக்கேகோட்டை சிக்னலில் வண்டி நின்றபோது, என்னைப் பார்க்காமலே கேட்டார்.

"அந்தச் சாய்வுக்கு மேல கால எங்க வச்ச?"

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தேன். பிறகு டாஷ்போர்டில் விரலை வைத்து, இடது கால் எங்கே, இடுப்பை எப்படித் திருப்ப வேண்டும் என்று காட்டினேன். அவர் கூர்ந்து பார்த்துக்கொண்டார். காட்டிக்கொண்டிருக்கும்போதே, விரல் ஆறியதும் இவர் ஏறிவிடுவாரே என்று எனக்கு வயிறு எரிந்தது.