அம்மா கட்டிக்காத்த உப்பாற்றுக் கரை

எங்கள் அம்மா மறைந்து ஓராண்டு ஆகிறது. அவர் பிறந்தது பர்மாவில் கியாக்தானுக்கு அப்பால், உப்பாற்றின் ஓரத்திலிருந்த ஒரு சிற்றூரில். தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த சில குடும்பங்கள் காட்டை வெட்டி, உப்புநீர் ஏறாமலிருக்க மண்கரை போட்டு உண்டாக்கிய நெல்வயல் ஊர் அது. கரையில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பங்கு உண்டு. மழைக்கு முன் அவரவர் பங்கை அவரவர் செப்பனிட வேண்டும். ஊரின் சரித்திரமென்று அம்மா எங்களுக்குச் சொன்னதில் பெரும்பகுதி, யார் பங்கு எதுவரை என்பதுதான்.

நிலங்கள் அரசின் கைக்கு மாறிய காலத்தில் பாதி ஊர் தஞ்சைக்கே திரும்பக் கப்பலேறியது. தாத்தாவும் கிளம்பினார். அம்மாவுக்கு அப்போதுதான் மணமாகியிருந்தது. அப்பாவுக்குப் போக மனமில்லை. தாத்தா பலமுறை கூப்பிட்டுப் பார்த்தார்.

"நீங்க போயிட்டு வாங்கய்யா. நாத்து விட்டாச்சு, நான் வரல" என்றாராம் அம்மா.

அதன்பின் இருவரும் பார்த்துக்கொள்ளவேயில்லை. அதைச் சொல்லும்போது மட்டும் அம்மாவின் குரல் இறங்கிவிடும்.

அந்த மழையிலேயே ஆளில்லாத பங்குகள் உடைந்து, வயல்களில் உப்புநீர் புகுந்தது. காலி வீடுகளில் புதிதாகக் குடியேறிய பர்மியர்களுக்குக் கரையின் முறை தெரியாது; தங்கள் வேலையல்ல என்றிருந்தார்கள். அம்மா வீடு வீடாகப் போய்ப் பேசினார். அவர்களில் டோ மியா என்ற பெண்மணிதான் முதலில் மண்வெட்டியோடு வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் இறங்கினார்கள். அவ்வருஷம் விளைச்சல் போனது போனதுதான். அடுத்த அறுவடையில் மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தபோது, டோ மியா வீட்டார் தேங்காய்ப்பால் சோறு ஆக்கிக்கொண்டு வந்தார்கள். அன்றுதான் அது மறுபடி ஊரானது என்பார் அம்மா.

அப்பா காலமானபின் அம்மா நகரத்துக்கு வந்து, க்யிம்யிண்டைங்கில் எங்களோடு இருந்தார். பேரப்பிள்ளைகளிடம் தமிழில் பேசுவார். அவர்கள் பர்மியில் பதில் சொல்வார்கள். இரு தரப்புக்கும் அதில் குறையொன்றும் இருந்ததில்லை. படுக்கையில் கிடந்தது கொஞ்ச நாள்தான்.

"நல்லாத்தான் இருந்தேன்பா. நீ அழாத" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

அம்மாவுக்குப் பணிவிடை செய்த என் மனைவிக்கும் தங்கைக்கும், அழைத்தபோதெல்லாம் வீடு தேடி வந்த மருத்துவருக்கும், சமையலைத் தாமே ஏற்றுக்கொண்ட பபேடானில் இருக்கும் உறவினர்களுக்கும், பஸ் பிடித்து வந்து பாடைக்குத் தோள் கொடுத்த ஊர்க்காரர்களுக்கும் எங்கள் நன்றி. ஊர்க்காரர்களில் பலருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. திதிச் சாப்பாடு முடிந்ததும் என் மகள் இதைப் பர்மியில் சொல்வாள். அவர்கள் இருந்து கேட்டுவிட்டுப் போக வேண்டும்.